உளி யார் கையில்?

எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் தன் அச்சுப் படங்களின் பதிப்பாளருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் மூக்கைப் பற்றிய புகார் வருகிறது. தான் வரைந்த மூக்கு ஒரு மாதிரி, கட்டையில் செதுக்கியவர் வெட்டிய மூக்கு வேறு மாதிரி. அது உட்டாகவா வழி ஓவியர்களின் மூக்கு, தன்னுடையது அல்ல என்று சொல்லி, இரண்டு வகை மூக்கையும் கடிதத்திலேயே வரைந்து காட்டுகிறார். கண்ணுக்கும் அதே கதை. தான் போடாத கீழிமையைச் செதுக்குபவர் தன்னிஷ்டத்துக்குப் போட வேண்டாம். வேலையை எகாவா தோமேகிச்சியிடமே கொடுங்கள், அவர் கைதான் எனக்குச் சரிப்பட்டு வரும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், ஹொக்குசாய்க்கே செதுக்கத் தெரியும். பதின்வயதில் அவர் தொழில் பழகச் சேர்ந்த இடம் கட்டை செதுக்கும் பட்டறை. சில வருடங்கள் அங்கே உளி பிடித்த பிறகுதான் ஓவியரிடம் போய்ச் சேர்ந்தார். மூக்கு சரியில்லை என்றால் தானே வெட்டியிருக்கலாமே என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. வரைகிறவர் ஒருவர், வெட்டுகிறவர் இன்னொருவர், அச்சடிக்கிறவர் மற்றொருவர் என்பது எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துப் படத்தொழிலின் அடிப்படை ஏற்பாடு. அதை மீறுவது கெட்ட காரியம்கூட அல்ல. யாரும் நினைத்தே பார்க்காத காரியம்.

இந்த ஏற்பாட்டின் தலையில் உட்கார்ந்திருந்தவர் பதிப்பாளர். எந்தக் காபுகி நடிகரின் படம் விற்கும், எந்த ஊர்க் காட்சிக்கு மவுசு என்று முடிவு செய்து முதல் போடுபவர் அவர். ஓவியர் மெல்லிய தாளில் மைக்கோட்டுப் படம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் கவிழ்த்து மலைச்செர்ரிப் பலகையில் ஒட்டி, தாளோடு சேர்த்தே மரத்தை வெட்டுவார். கட்டை தயாராகும்போது மூலப்படம் இருக்காது. உலகத்துக்கே தெரிந்த பல ஜப்பானிய அச்சுப் படங்களுக்கு ‘ஒரிஜினல்’ என்று காட்ட ஓவியம் எதுவும் மிஞ்சாததற்கு இதுதான் காரணம். பட்டறையில் மூத்த கை முகத்தையும் கூந்தலையும் எடுத்துக்கொள்ளும். உடையும் பின்னணியும் இளையவர்களுக்கு. கோட்டுக் கட்டை முடிந்ததும் நிறத்துக்கொரு கட்டை. 1765 இல் சுசூகி ஹருனோபு காலத்தில் பலவண்ண அச்சு நிலைபெற்ற பிறகு ஒரு படத்துக்குப் பத்துக் கட்டை என்பதெல்லாம் சாதாரணம். கடைசியில் அது அச்சடிப்பவர் கைக்குப் போகும். விற்ற படத்தில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். மற்ற இருவர் பெயரும் பெரும்பாலும் இருக்காது.

ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்கு விற்ற சரக்கு அது. அந்த விலைக்கு அந்த நேர்த்தி கிடைத்தது இந்த வேலைப் பிரிவினையால்தான். பின்னால் வந்தவர்கள் இதை என்னதான் ஏசினாலும் இந்தக் கணக்கை மறுக்க முடியாது.

பின்னர் மெய்ஜி பேரரசர் காலத்தில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. புகைப்படமும் கல்லச்சும் செய்தித்தாளும் வந்தன. நடிகர் படம் வேண்டுமா, புகைப்படம் வாங்கிக்கொள்ளலாம். செதுக்குபவர்கள் பலர் புதிய வேலைக்கு மாறினார்கள்: மேல்நாட்டு முறையில், மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஊசிமுனை போன்ற கருவியால் கோடிழுத்து, பாடப்புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் படம் செய்து கொடுப்பது. புகைப்படத்தையோ ஓவியத்தையோ அப்படியே நகலெடுப்பதுதான் அந்த வேலையின் சாமர்த்தியம். சொந்தக் கற்பனைக்கு அங்கே கூலி கிடையாது.

அப்படிப்பட்ட டோக்கியோ பட்டறை ஒன்றில் சிறுவயதிலேயே பழகச் சேர்ந்தவர் யமமோட்டோ கனாயே. 1882 இல் ஒகாஸாகியில் பிறந்தவர். தந்தை பின்னாளில் நாகானோ மாகாணத்து உவேடாவில் மருத்துவம் பார்த்தார். குடும்பத்தில் பண வசதி இல்லாததால் பையன் கைத்தொழிலுக்கு வந்தான். பல வருடப் பயிற்சி முடிந்ததும், நகலெடுத்தே காலம் கழிக்க மனமில்லாமல், டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் மேல்நாட்டு ஓவியப் பிரிவில் சேர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் தூரிகை பிடித்த மாணவர்களுக்கு உளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கோ இரண்டும் தெரியும்.

1904 இல் சோஷி என்ற கடற்கரை ஊருக்குப் போனபோது ஒரு மீனவரைப் பார்த்துக் குறிப்புப் படம் எடுத்தார் கனாயே. திரும்பி வந்து அதைத் தானே கட்டையில் செதுக்கி, தானே அச்சடித்தார். கரையில் நின்று கடலைப் பார்க்கும் மனிதர், இரண்டே நிறம், அஞ்சல் அட்டையைவிடச் சற்றுப் பெரிய அளவு. பழைய அச்சுகளில் உயிர்நாடியாக இருந்த மெல்லிய சுற்றுக்கோடு இதில் இல்லை. உளி போன தடம் அப்படியே தெரிகிறது, அதுவே படத்தின் கோடாகவும் நிழலாகவும் இருக்கிறது. நண்பர் இஷி ஹகுட்டே அதைப் பார்த்துவிட்டு, ‘மியோஜோ’ என்ற இலக்கியப் பத்திரிகையின் ஜூலை இதழில் ஓர் அறிமுகத்தோடு வெளிவரச் செய்தார். ‘மீனவர்’ என்ற அந்தச் சிறு படத்திலிருந்துதான் சோசாக்கு-ஹங்கா இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறார்கள். ஓவியரே வரைந்து, செதுக்கி, அச்சடிக்கும் படைப்பு அச்சு என்பது அதன் பொருள்.

1907 இல் கனாயேயும் ஹகுட்டேயும் மொரிட்டா ட்சுனேட்டோமோவும் சேர்ந்து ‘ஹோசுன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1911 வரை வந்தது. ஓவியரே வெட்டும் அச்சு வேறு, நகலெடுக்கும் அச்சு வேறு என்று கனாயே அதில் பிரித்துப் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஐரோப்பா இருந்தது. அங்கே கோகான், மூங்க் போன்ற ஓவியர்கள் தாங்களே கட்டையைக் கொத்திப் படம் செய்த செய்தி சஞ்சிகைகள் வழியாக டோக்கியோவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த ஐரோப்பியர்களுக்கு மரக்கட்டை மேல் ஆசை வந்ததில் எடோ ஓவியர்களான ஹொக்குசாய்க்கும் ஹிரோஷிகேவுக்கும் பங்குண்டு. ஜப்பானியப் பட்டறைச் சரக்கைப் பார்த்து மயங்கிய மேல்நாட்டுக்காரர்களைப் பார்த்து, ஜப்பானிய இளைஞர்கள் பட்டறையை வேண்டாம் என்றார்கள்.

வேண்டாம் என்றார்களே தவிர, பட்டறை அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. கனாயேயின் கை பட்டறையில் பழகியது. அடுத்த தலைமுறைக்கே ஆசிரியராக விளங்கிய ஹிராட்சுகா உனிச்சியின் கதையும் அப்படித்தான். மட்சுவேயில் 1895 இல் பிறந்தவர், கோயில் தச்சர் குடும்பத்தில் வந்தவர். ஹகுட்டேயின் வழிகாட்டலில் டோக்கியோ வந்து, இகாமி போன்கொட்சு என்ற தேர்ந்த செதுக்குத் தொழிலாளியிடம் உளி பிடிக்கக் கற்றார். மற்றவர் வரைந்ததை வெட்டிக் கொடுப்பதுதான் போன்கொட்சுவின் பிழைப்பு. இயக்கத்தார் கண்ணில் அவர் பழைய ஏற்பாட்டின் ஆள். ஆனாலும் கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, எந்தப் பக்கமாக இழுப்பது என்பதெல்லாம் ஹிராட்சுகா வழியாக இயக்கத்துக்குள் வந்தது அவரிடமிருந்துதான். இந்த இயக்கத்தின் வரலாற்றைப் பேசும்போது ஓவியர்களின் பெயர்களே வரிசையாக வருகின்றன. போன்கொட்சுவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமாகப் படவில்லை.

உளிப் பயிற்சியே இல்லாமல் ஆர்வத்தால் மட்டும் இறங்கியவர்களும் இருந்தார்கள். 1914 இல் ஒன்ச்சி கோஷிரோ, தனாகா கியோகிச்சி, ஃபுஜிமோரி ஷிசூஒ என்ற மூன்று மாணவர்கள் ‘ட்சுகுஹாயே’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். கவிதையும் அச்சுப் படமும் கலந்த ஏழு இதழ்கள், இதழுக்கு 200 பிரதி. தனாகாவுக்குக் காசநோய். இருமலோடு கட்டை செதுக்கி, 1915 இல் 23 வயதில் இறந்துபோனார். அதே வருடம் ஒன்ச்சி செய்த ‘பிரகாசமான வேளை’ என்ற படத்தில் ஆளும் இல்லை, ஊரும் இல்லை; நிறமும் வடிவமும் மட்டும். ஜப்பானில் முழு அரூபக் கலையின் முதல் முயற்சிகளில் ஒன்றாக அது இன்று எண்ணப்படுகிறது. எண்ணெய் ஓவியர்கள் அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால், பலகையில் உளியோடு உட்கார்ந்திருந்த 24 வயது இளைஞர் வந்துவிட்டார்.

கனாயே இந்தச் சமயத்தில் ஊரிலேயே இல்லை. 1912 இல் பிரான்சுக்குப் போனவர், ஊரில் சந்தா கட்டியவர்களுக்குப் படம் அச்சடித்து அனுப்பிச் செலவைச் சமாளித்தார். உலகப்போர் மூண்டபின் 1916 இல் ரஷ்யா வழியாகத் திரும்பும்போது மாஸ்கோவில் சில மாதம் தங்க நேர்ந்தது. குழந்தைகளின் ஓவியங்களும் குடியானவர்களின் கைவினைப் பொருள்களும் அங்கே அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டன. ஊர் திரும்பியதும் 1918 இல் ஜப்பான் படைப்பு அச்சுச் சங்கத்தை நிறுவினார். 1919 ஜனவரியில் டோக்கியோ நிஹோன்பாஷியின் மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியில் முதல் கண்காட்சி நடந்தது. துணியும் பாத்திரமும் வாங்க வந்த கூட்டம் படமும் பார்த்துவிட்டுப் போனது. அத்தோடு கனாயேயின் கவனம் திரும்பிவிட்டது. பள்ளிகளில் மாதிரியைப் பார்த்து நகலெடுக்கும் ஓவிய வகுப்பை எதிர்த்துப் பிள்ளைகளைத் தங்கள் மனம்போல வரையவிடும் இயக்கம், உவேடாவில் விவசாயிகளுக்குக் குளிர்காலக் கைவினைப் பயிற்சி என்று ஓடிக் கடனாளியானார். ஜப்பானியப் பிள்ளைகள் இன்றும் கையில் வைத்திருக்கும் சக்குரா நிறுவனத்தின் எண்ணெய் வண்ணக்குச்சி உருவானதில்கூட அவர் பங்கு உண்டு. அச்சுப்படம் மட்டும் பின்னுக்குப் போய்விட்டது.

இயக்கத்தை நடத்திச் சென்றவர்கள் பெரும்பாலும் வேறு வேலையில் சம்பளம் வாங்கியவர்கள். ஒன்ச்சி புத்தக வடிவமைப்பாளர். மயேகாவா செம்பான் கேலிச்சித்திரக்காரர். கவாகாமி சுமிஒ உட்சுனோமியாவில் ஆங்கில வாத்தியார். அஸேச்சி உமேட்டாரோ அரசு அச்சகத்தில் வேலை பார்த்தார். அங்கே கிடைத்த ஈயத் தகட்டில் கீறி மையிட்டுப் பார்த்ததுதான் அவருடைய முதல் அச்சு. அரசு நடத்திய கலைக் கண்காட்சி இவர்களுக்குக் கதவைத் திறந்ததே 1927 இல்தான். சிதறிக் கிடந்த குழுக்கள் சேர்ந்து 1931 இல் ஜப்பான் அச்சுக்கலைச் சங்கம் ஆனது. 1935 இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளி, பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வகுப்பாக, மரக்கட்டை அச்சைச் சொல்லிக்கொடுக்க ஹிராட்சுகாவை அழைத்தது.

அந்த வகுப்பில் அப்படி என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது? அச்சு இயந்திரம் கிடையாது, எல்லாம் கை. முதலில் கட்டையின் ஒரு மூலையில் சிறு மூலைமட்ட வடிவத்திலும், அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி நேர்கோடாகவும் இரண்டு படிகள் வெட்ட வேண்டும். கெந்தோ என்று பெயர். ஒவ்வொரு நிறக் கட்டையிலும் அவை அதே இடத்தில் இருக்க வேண்டும். தாளின் மூலையும் விளிம்பும் அவற்றில் உட்கார்ந்தால்தான் நிறத்தின் மேல் நிறம் சரியாக விழும். மயிரிழை பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும். கோசோ மரப்பட்டை நாரில் செய்த தாளுக்குப் படிகாரமும் வஜ்ஜிரமும் கலந்த பூச்சு கொடுத்து, முந்தின நாளே ஈரப்படுத்தி அடுக்கி வைக்க வேண்டும். கட்டையின் மேல் நீரில் கரைத்த சாயத்தோடு கொஞ்சம் அரிசிப் பசையை இட்டு, குதிரை மயிர்த் தூரிகையால் வட்டமாகத் தேய்த்துப் பரப்பி, மேலே தாளை இறக்கி, பின்பக்கத்தைப் பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பசை மிஞ்சினால் மினுக்கும், குறைந்தால் பொரிப்பொரியாக விழும்.

பாரெனைப் பார்த்தால் உள்ளங்கையளவு தட்டையான வில்லை, அவ்வளவுதான். அதன் உள்ளே மூங்கில் மடலைக் கிழித்து நாராக்கி முறுக்கிய கயிறு, நத்தைச் சுருளாகச் சுற்றியிருக்கும். முதுகுக்கு மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு ஒட்டி அரக்கு பூசிய தட்டு. இரண்டையும் நனைத்த மூங்கில் மடலால் இறுக்கிப் பொதிந்து, மடலின் இரு நுனியையும் பின்பக்கம் முறுக்கிக் கட்டினால் அதுவே கைப்பிடி. கயிற்றின் முடிச்சுகள்தான் அழுத்தத்தை ஆயிரம் புள்ளிகளாகப் பிரித்துத் தாளுக்குள் செலுத்துகின்றன. மடல் தேய்ந்துபோகும், அச்சடிப்பவர் தானே புதிதாகப் பொதிந்துகொள்ள வேண்டும். தாள் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் கெந்தோ பொய்யாகிவிடும். ஆகவே எல்லா நிறமும் முடிகிறவரை ஈரம் போகக்கூடாது. தொழிலாளிகளின் பட்டறை ஒரே மூச்சில் இருநூறு தாளை இப்படி முடித்துவிடும். வீட்டுத் தரையில் தனியாளாக உட்கார்ந்திருக்கும் ஓவியருக்கு முப்பதே மலைப்பு. இவர்களின் படங்கள் அரிதாக இருப்பதற்குப் பெரிய தத்துவக் காரணம் தேட வேண்டியதில்லை. தோள்வலி போதும்.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் டோக்கியோ பாழானது. புதிதாக எழும்பிய நகரத்தைப் படம்பிடிக்க 1928 இல் எட்டுப் பேர் சேர்ந்தார்கள்: ஒன்ச்சி, ஹிராட்சுகா, மயேகாவா, கவாகாமி, ஃபுஜிமோரி, ஃபுகாஸாவா, ஹென்மி, சுவா. 1932 வரை நூறு படங்கள், சந்தாதாரர்களுக்கு மட்டும் 50 தொகுதி. ஹிரோஷிகே எடோவை நூறு காட்சிகளாகச் செய்த நினைவு அதற்குள் இருந்தாலும், இவர்கள் தேர்ந்தெடுத்தவை சுரங்க ரயில், காஃபி விடுதி, நடன அரங்கம் போன்றவை. கொயிசுமி கிஷிஒ என்பவர் யாரோடும் சேராமல், 1928 முதல் 1940 வரை, தன்னந்தனியாக இன்னொரு நூறு டோக்கியோ காட்சிகளைச் செதுக்கி முடித்தார்.

இவர்களுக்கு எதிர்க்கடை ஒன்றும் நடந்துகொண்டிருந்தது; கல்லாவில் கூட்டம் அங்கேதான். பதிப்பாளர் வட்டானாபே ஷோசாபுரோ பழைய நால்வர் ஏற்பாட்டையே புதுப்பித்து, கவாசே ஹசுயி போன்ற ஓவியர்களை வைத்து ஷின்-ஹங்கா (புதிய அச்சு) என்ற பெயரில் பனி விழும் கோயிலும் நிலவில் குளமுமாக விற்றார். அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினார்கள். 1930 இலும் 1936 இலும் ஒஹாயோவின் டொலேடோ கலைக்கூடம் பெரிய கண்காட்சிகள் நடத்தியது. சோசாக்கு-ஹங்காக்காரர்களுக்கு இதெல்லாம் சுற்றுலாச் சரக்கு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காலை ஊன்றி நின்றவர் யோஷிடா ஹிரோஷி. வட்டானாபேயிடம் இருந்து விலகி, 1925 முதல் தானே பதிப்பாளராகி, சொந்தச் சம்பளத்தில் செதுக்குபவரையும் அச்சடிப்பவரையும் வைத்துக்கொண்டார். அவரே உளி எடுத்த கட்டைகளும் உண்டு. தொழிலாளியை மேய்க்க வேண்டுமானால் அவரைவிட நன்றாக வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தன் மேற்பார்வையில் அச்சான படங்களின் விளிம்பில் ‘தானே அச்சடித்தது’ என்ற முத்திரையை இட்டார். பாரெனைப் பிடித்த கை பெரும்பாலும் வேறொருவருடையது. ஆனாலும் அந்த முத்திரை பொய் என்று அன்றைக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. இன்று ஏலத்தில் அந்த முத்திரை இருந்தால்தான் விலை. இந்த யோஷிடா 1930 இல் இந்தியா வந்தார். தாஜ்மகால், காசி, எல்லோரா, உதய்பூர், கஞ்சன்ஜங்கா என்று அவர் செய்த தொடரில் மதுரைக் கோயிலும் இருக்கிறது. தூண்களின் நிழலில் விழும் வெயிலுக்கு அவர் எத்தனை கட்டை செலவழித்தார் என்று பார்க்க மதுரைக்காரர்கள் ஒருமுறையாவது அதைத் தேடிப் பார்க்கலாம்.

முனகாட்டா ஷிகோ வேறு ரகம். அஓமோரியின் கொல்லர் வீட்டுப் பிள்ளை, 1903 இல் பிறந்தவர், படிப்பு குறைவு, பார்வை மிகக் குறைவு. வான்கோவைப் போல எண்ணெய் ஓவியராக வேண்டும் என்று டோக்கியோ வந்தவரைக் கவாகாமியின் ‘இளவேனில் காற்று’ என்ற அச்சுப் படம் பாதை மாற்றியது. 1928 இல் ஹிராட்சுகாவிடம் போய் நின்றார். குருவின் நிதானத்தில் ஒரு துளியும் சீடரிடம் வரவில்லை. தடித்த கண்ணாடி, கட்டையில் மூக்கு உரசுகிற நெருக்கம், வாய் முணுமுணுக்கக் கை பறக்கும் வேகம். 1939 இல் அவர் செய்தது ‘சாக்கியமுனியின் பத்துப் பெரும் சீடர்கள்’. சாரிபுத்திரர், ஆனந்தர், உபாலி, ராகுலர் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள்தான். இருபுறமும் மஞ்சுஸ்ரீ, சமந்தபத்திரர் ஆகிய போதிசத்துவர்களோடு மொத்தம் பன்னிரண்டு நெட்டைப் படங்கள். பலகையின் விளிம்பு வரை உடம்பு முட்டி நிற்கிறது, தலை மேலே இடிக்கிறது. மரத்தின் அளவுக்குள் மனிதரை மடக்கிய அந்த நெருக்கடிதான் அவற்றின் வலு.

போர் வந்தது. தாளும் கட்டையும் ரேஷனுக்குப் போயின. 1943 இல் அச்சுக் கலைஞர்களை அரசுக்குக் கட்டுப்பட்ட ஓர் அமைப்பாகத் திரட்டினார்கள், தலைவர் ஒன்ச்சி. சரக்கு கிடைக்க அதுவே வழி என்றாலும், அந்த அத்தியாயத்தை அவருடைய ரசிகர்கள் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். 1945 மே குண்டுவீச்சில் முனகாட்டாவின் டோக்கியோ வீடும், அதிலிருந்த பெரும்பாலான கட்டைகளும் எரிந்தன. பத்துச் சீடர்கள் தப்பியதற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல. தொயாமாவுக்குக் குடிபெயர்ந்தபோது ஒரு நாற்காலியைக் கட்டி அனுப்ப முட்டுப்பலகை தேவைப்பட்டது. அந்தக் கட்டைகள் அதற்கு வாகாக இருந்தன. போதிசத்துவர்கள் இருவரும் எரிந்துபோக, 1948 இல் அவர்களைப் புதிதாகச் செதுக்கிச் சேர்த்தார். தனினாகா யாசுனோரிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கனவுபோல விநோதமான படங்கள் செய்த அவர் 1946 இல், போர் முடிந்த பிறகு, இடிந்த டோக்கியோவில் பட்டினியால் இறந்தார்.

ஒன்ச்சியின் வீட்டில் 1939 முதல் ‘முதல் வியாழன் குழு’ கூடிக்கொண்டிருந்தது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை நண்பர்கள் தங்கள் புதிய அச்சுகளைக் கொண்டுவருவார்கள், பார்ப்பார்கள், குறை சொல்வார்கள். போருக்குப் பிறகு அந்த அறைக்குள் அமெரிக்கர்களும் வந்தார்கள். ஆக்கிரமிப்புப் படையில் சிவில் உத்தியோகத்துக்கு வந்த ஆலிவர் ஸ்டாட்லர் படம் வாங்கத் தொடங்கி, பின் ஒவ்வொரு கலைஞராகத் தேடிப்போய்ப் பேசி, 1956 இல் இவர்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார். உள்நாட்டில் விலைபோகாத சரக்கைப் போர்வீரர்களும் அதிகாரிகளும் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

1951 இல் சாவோ பாவ்லோவின் முதல் பியனாலே கலைக் கண்காட்சியில் ஜப்பானியப் பிரிவில் பரிசு வாங்கியவர்கள் இருவரும் அச்சுக் கலைஞர்கள்: மரக்கட்டையில் சைட்டோ கியோஷி, செப்புத்தகட்டில் கோமாய் டெட்சுரோ. பெரிய எண்ணெய் ஓவியர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டோக்கியோ கலையுலகம் விழித்தது. சைட்டோ ஒட்டாருவில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பிறகு அஸாஹி பத்திரிகையில் வேலை. மரத்தின் ரேகையை அவர் மறைக்கவில்லை, பூனையின் ரோமமாகவும் சுவரின் கறையாகவும் அதையே பயன்படுத்தினார். 1955 சாவோ பாவ்லோவிலும் 1956 வெனிசிலும் அச்சுப் பிரிவின் முதல் பரிசு முனகாட்டாவுக்கு. நாற்காலிக்கு முட்டுக்கொடுத்த சீடர்களும் அந்தப் படங்களில் இருந்தார்கள்.

புகழ் வந்ததும் பழைய கேள்வி திரும்பியது. வாங்க ஆள் நிற்கும்போது எத்தனை பிரதி, யார் அச்சடிப்பது? ஒன்ச்சி ஒரு படத்துக்கு ஒருசில பிரதிகளோடு நிறுத்திக்கொள்பவர். நூல், இலை, அட்டை எதை வேண்டுமானாலும் கட்டையாக்கி அவர் எடுத்த அச்சை இன்னொரு முறை எடுப்பதே கடினம். அவருடைய மிகப் பெயர்பெற்ற படம் 1943 இல் செய்த கவிஞர் ஹகிவாரா சகுட்டாரோவின் முகம். சுருக்கங்களும் சோர்வுமாக மனிதர் மரத்துக்குள்ளிருந்து பார்ப்பார். ஒன்ச்சி தன் கையால் எடுத்த பிரதிகள் சொற்பம். பின்னர் அச்சுக் கலைஞர் செக்கினோ ஜுனிச்சிரோ சில பிரதிகள் எடுத்தார். 1955 இல் ஒன்ச்சி இறந்தபின் ஹிராயி கோஇச்சி எடுத்தார். தானே அச்சடிப்பதை விடாமல் வலியுறுத்திய இயக்கத்தின் அடையாளப் படம் பல கலைக்கூடங்களில் இன்னொருவர் தேய்த்த பிரதியாகத் தொங்குகிறது. அதனால் ஒன்ச்சியின் மதிப்பு குறைந்துவிடவில்லை. குறைந்தது கொள்கையின் விறைப்புதான்.

கடல் கடந்தும் உளி போயிற்று. 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் எழுத்தாளர் லூ சுன் ஆறு நாள் மரச்செதுக்கு வகுப்பு நடத்தினார். மாணவர்கள் 13 பேர். ஆசிரியர் உச்சியாமா ககிட்சு, டோக்கியோவில் பள்ளி ஓவிய வாத்தியார், ஷாங்காயில் புத்தகக்கடை வைத்திருந்த அண்ணன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தவர். லூ சுன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். சீனாவின் நவீன மரச்செதுக்கு இயக்கம் அந்த வகுப்பில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அங்கே அது வறுமையையும் படையெடுப்பையும் பேசியது. அந்தப் படையெடுப்பு ஜப்பானுடையது. 1947 முதல் அதே சீன மரச்செதுக்குகள் ஜப்பானில் கண்காட்சிகளாகச் சுற்றின. தொழிற்சங்கத்தாரும் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களும் அவற்றைப் பார்த்துக் கட்டை எடுத்தார்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானில் மரச்செதுக்கு பள்ளிப் பாடமாகப் பரவியதில் இந்தத் திரும்பி வந்த அலைக்கும் பங்குண்டு.

ஹிராட்சுகா 1962 இல் வாஷிங்டனுக்கு மகள் வீட்டுக்குப் போய், முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து அமெரிக்கக் கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் செதுக்கினார். ஊர் திரும்பி 1997 இல் 102 வயதில் காலமானார். அவருக்குப் பின் வந்த தலைமுறை பழைய பிடிவாதத்தைத் தளர்த்தியது. குரோசாகி அகிரா தானே செதுக்கி அச்சடித்துப் பெயர் எடுத்தவர். பிறகு கியோட்டோவின் அச்சுத் தொழிலாளிகளோடு சேர்ந்து வேலை செய்யத் தயங்கவில்லை. செர்ரிப் பலகை அறுப்பவர்கள், பாரென் கட்டுபவர்கள் எண்ணிக்கை இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கிவிட்டது. 1997 முதல் அவாஜித் தீவில் வெளிநாட்டுக் கலைஞர்களைத் தங்கவைத்து மரக்கட்டை அச்சு கற்றுக்கொடுத்தார்கள். 2011 இல் இந்தக் கலைக்கான முதல் சர்வதேச மாநாடு கியோட்டோவிலும் அவாஜியிலும் நடந்தது. தாங்களே வரைந்து, செதுக்கி, அச்சடிக்க ஆசைப்பட்டு வந்த அந்த வெளிநாட்டவருக்கு உளியையும் பாரெனையும் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அழைக்கப்பட்டவர்கள், அடுத்தவர் படத்தை வெட்டியும் அச்சடித்தும் பிழைக்கும் தொழிலாளிகள்.